நட்சத்திரம் கட்டாத வீடு

ஹெலனின் வலது கால் செருப்பு எங்கள் வீட்டு கேட் அருகே மழைத் தண்ணீரில் கிடந்தது. ஹெலன் ஒற்றைச் செருப்போடு பஸ் நிறுத்தம் வரை போய்விட்டிருந்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு ஓடி, "என்னா டீச்சரம்மா, ஒரு காலுக்கு மட்டும் லீவா?" என்றேன். அவள் குனிந்து பார்த்துச் சிரித்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்களும் சிரித்தார்கள். செருப்பு கழன்றதே தனக்குத் தெரியவில்லை என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அது 2008 நவம்பர். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பு எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. எனக்கும் மகள் நித்யாவுக்கும் அது வந்தபடியே போய்விட்டது. ஹெலனுக்குப் போகும்போது வேறு ஒன்றை விட்டுவிட்டுப் போனது.

நான் கடலூர் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க். வழக்குகளின் பெயரைக் கூப்பிடுவதும், கட்டுகளை நீதிபதி முன் வைப்பதும், அடுத்த வாய்தா எழுதுவதும் என் வேலை. சொந்த ஊர் புவனகிரி. ஹெலன் மேல்பட்டாம்பாக்கத்துக் கிறிஸ்தவப் பெண், கடலூரில் பள்ளி ஆசிரியை. ஆசைப்பட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் நாங்கள். அவரவர் சாமி அவரவருக்கு என்பது ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை அவளையும் நித்யாவையும் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, எதிர்க் கடையில் டீ குடித்தபடி பேப்பர் படிப்பேன். பதினொரு வருடமாக அந்த டீக்கடைதான் என் சபை.

செருப்பு விழுந்த மறுநாள் ஹெலனால் மாடிப்படி ஏற முடியவில்லை. பக்கத்து டாக்டர் அசதி என்று ஒரு ஊசி போட்டார். அதற்கு அடுத்த நாள் குளியலறை முக்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். மாலையில் டம்ளர் கையிலிருந்து நழுவியது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த டாக்டர் ரப்பர் சுத்தியலால் அவள் முழங்காலில் தட்டினார். கால் ஆடவில்லை. திரும்பவும் தட்டினார். பிறகு சுத்தியலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னைத் தனியே அழைத்தார்.

"ஒடனே சிதம்பரம் கொண்டுபோங்க. மூச்சுல கை வைக்கிறதுக்குள்ள போய்ச் சேந்துடணும்."

புதுச்சத்திரம் பக்கம் சாலை மேல் வெள்ளம் போவதாகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் குறிஞ்சிப்பாடி வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. ஹெலனின் தம்பி சாமுவேல், என் மச்சான், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். புவனகிரிக்குள் நுழையும்போது ஹெலன் படுத்தபடியே, "ஒங்க ஊரு வந்துடுச்சா?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். "வெள்ளாத்துல தண்ணி ஜாஸ்தியா போவுதா?" என்றாள். எட்டிப் பார்த்து, ரெண்டு கரையும் தொட்டுப் போகிறது என்றேன். குரல் அப்போதே மூக்கால் பேசுவதுபோல் மாறியிருந்தது. அடுத்து அவள் குரலைக் கேட்பதற்கு நான் தை மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிதம்பரத்தில் எங்களைப் பார்த்தவர் நடுத்தர வயதுப் பெண் மருத்துவர். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார். நரம்பு வழியாகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி அது எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்த்தார். நோயின் பெயர் கில்லன்-பாரே (நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துவிடும் நோய்).

"வயித்துப்போக்கு வந்துச்சில்ல, அந்தக் கிருமியோட சண்டை போடறதுக்கு ஒடம்பு ஒரு படை தயார் பண்ணும். அந்தப் படை இப்ப ஆள் அடையாளம் தெரியாம நரம்ப அடிக்குது," என்றார்.

கோர்ட்டில் ஆள் மாறாட்ட வழக்கு நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷியின் உடம்புக்குள்ளேயே அது நடக்கும் என்பது எனக்குப் புதிது.

"சரியாயிடுமா மேடம்?"

"பெரும்பாலும் ஆயிடும். ஆனா இன்னும் கீழ போவும். அப்பறம் ஒரு எடத்துல நிக்கும். கொஞ்ச நாள் அங்கயே கெடக்கும். அதுக்கப்பறம்தான் ஏறும்."

"எந்த எடத்துல நிக்கும்?"

"அது எனக்குத் தெரியாது சார்," என்றார். அப்படி நேராகச் சொன்னதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. பின்னாளில் அதே காரணத்துக்காகத்தான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இம்யூனோகுளோபுலின் (பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் சத்து) துளித்துளியாக ஏற்றினார்கள். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே மூச்சு சிறுத்தது. வென்டிலேட்டர் (நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளும் இயந்திரம்) வைத்தார்கள். சில நாள் கழித்து டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக் குழாய் பொருத்துவது) செய்தார்கள். கை போயிற்று, கால் போயிற்று, முகம் போயிற்று. கண் இமையைக்கூட அவளால் முழுதாக மூட முடியவில்லை, தூங்குவதற்குப் பஞ்சு வைத்து ஒட்டினார்கள். மிச்சம் இருந்தவை இரண்டு கருவிழிகள். அவை மேலேயும் பக்கவாட்டிலும் அசைந்தன.

இதே நோயோடு யாரையாவது சேர்த்துவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உள்ளே படுத்திருப்பவருக்கு எல்லாம் கேட்கும். எல்லாம் வலிக்கும். அசையாத காலைத் திருப்பிப் போட்டால் உயிர் போகிற வலி வலிக்கும், கத்தத்தான் முடியாது. ஹெலனைப் பார்க்க வந்த ஒரு உறவுக்காரர் அவள் தலைமாட்டில் நின்று, "இதுக்குப் போய்ச் சேர்றதே மேல்" என்று என்னிடம் சொன்னார். அவருக்கு அது பரிதாபம். ஹெலன் அந்த வாக்கியத்தை இன்றுவரை அவர் குரலிலேயே திருப்பிச் சொல்லுவாள். படுத்திருப்பவரிடம் பேசுங்கள். மழை பெய்கிறது, ரசம் வைத்தேன், பால்காரர் வரவில்லை, எதையாவது பேசுங்கள்.

வெளியே காத்திருப்போர் கூடத்தில் ஒரு டிவி இருந்தது. மும்பையில் ரயில் நிலையத்திலும் ஓட்டல்களிலும் துப்பாக்கியோடு புகுந்தவர்களைப் பற்றி ஓயாமல் காட்டினார்கள். அது முடிந்தால் வெள்ளத்தில் மூழ்கிய எங்கள் மாவட்டத்து நெல் வயல்கள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் உள்ளே ஒரு ஆள் இருந்தது. திட்டக்குடியிலிருந்து மகனைச் சேர்த்திருந்த ஒரு அம்மா டிவியைப் பார்த்து, "ஒலகத்துக்கே ஒடம்பு சரியில்லப்பா" என்றார். டிவியை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மருத்துவர் தினமும் காலையில் வெளியே வருவார். நான் எழுந்து நிற்பேன். "அப்படியேதான் இருக்காங்க," என்பார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் ஆயிரம் பேருக்கு வாய்தா எழுதிக் கொடுத்தவன். வாசற்படியில் நின்று, "சார், இன்னைக்காச்சும் எடுப்பாங்களா?" என்று கேட்கிற கிழவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த தேதி சொன்னவன். எனக்கு யாரும் தேதிகூடச் சொல்லவில்லை.

ஹெலனோடு பேச ஒரு வழி கண்டுபிடித்தோம். மேலே பார்த்தால் ஆமாம், பக்கவாட்டில் பார்த்தால் இல்லை. நான் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே வருவேன். வேண்டிய எழுத்து வந்ததும் அவள் மேலே பார்ப்பாள். தமிழில் இது லேசுப்பட்ட காரியம் இல்லை. க வரிசையா, ங வரிசையா என்று கேட்டுப் பிடித்து, பிறகு கா, கி, கீ என்று இறங்க வேண்டும். ஒரு வார்த்தைக்குள் இருவருக்கும் வியர்த்துவிடும். கோர்ட்டில் நான் கூப்பிடுகிற குரலிலேயே எழுத்தைக் கூப்பிடுகிறேன் என்று நர்சுகள் சிரித்தார்கள்.

முதல் வார்த்தை "முதுகு". அரிப்பு. சொறிந்துவிட்டேன். இரண்டாவது, "பாப்பா". நித்யாவைத்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள். "பாப்பா மேல்பட்டாம்பாக்கத்துல சாமுவேல் வீட்ல இருக்கா. அங்கேருந்து பஸ்ல ஸ்கூலுக்கு வந்துட்டுப் போறா," என்றேன். குழந்தைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் விடமாட்டார்கள். விட்டாலும் அவளை அந்தக் குழாய்களுக்கு நடுவே நித்யாவுக்குக் காட்ட எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாவது வார்த்தை, "ஸ்டார்".

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை ஹெலனின் சபையில் அட்வெந்து (திருவருகைக் காலம்) என்பார்கள். பிறக்கப்போகிறவருக்காகக் காத்திருக்கும் காலம். கல்யாணமான புதிதில் நான், "காத்துக் கெடக்கறதுக்குன்னே ஒரு சீசனா? எங்க கோர்ட்ல வருசம் பூரா அட்வெந்துதான்," என்று கிண்டல் செய்தேன். "ஒங்க கோர்ட்ல காத்திருந்தா யாரும் வரமாட்டாங்க. இங்க ஒருத்தர் வருவாரு," என்றாள்.

முதல் அட்வெந்து ஞாயிறன்று வீட்டு முகப்பில் காகித நட்சத்திரம் கட்டி உள்ளே பல்ப் போடுவார்கள். எங்கள் தெருவில் ஹெலன்தான் முதலில் கட்டுவாள். அவள் ஸ்டூல் மேல் ஏறுவாள், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன். அந்த மதத்தில் எனக்கு இருந்த பொறுப்பு அவ்வளவுதான்.

அந்த வருடம் முதல் ஞாயிறும் போய், இரண்டாவதும் போயிருந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. "இன்னும் கட்டல," என்றேன். "நீ எழுந்து வா. வந்து ஒங்கையாலயே கட்டு. அதுவரைக்கும் நம்ம வீட்டுக்குப் பண்டிக வேணாம்." ஆறுதலாகத்தான் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் ஆள் படுத்துவிட்டால் தீபாவளிக்குப் பலகாரம் சுட மாட்டோம். ஹெலனின் விழிகள் பக்கவாட்டில் போயின. இல்லை. திரும்பவும் இல்லை. திரும்பத் திரும்ப இல்லை. நெற்றிப் பக்கம் கண்ணீர் இறங்கியது. நான் துடைத்துவிட்டு, அவள் பண்டிகைக்காக ஏங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் அவள் நாடித்துடிப்பு ஆட ஆரம்பித்தது. இந்த நோயில் இதயத்துக்குப் போகும் நரம்புகளும் தடுமாறும். திடீரென்று ஏறும், திடீரென்று இறங்கும். "எறங்கினா சில சமயம் நின்னுகூடப் போவும். நாங்க பக்கத்துலதான் இருக்கோம்," என்றார் மருத்துவர். சுற்றி வளைக்காமல் சொல்வதற்காக நன்றியும் சொல்ல முடியாமல், திட்டவும் முடியாமல் நின்றேன். உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் வரும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. நானும் அப்படித்தான் நின்றேன்.

விடுப்பு சம்பந்தமாக ஆபீசில் நேரில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சாமுவேலைச் சிதம்பரத்தில் விட்டுவிட்டு ஒரு மத்தியானம் கடலூர் வந்தேன். வேலை முடிந்து, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீடு நெல்லிக்குப்பம் சாலையை ஒட்டியே இருக்கிறது. வரும் வழியெல்லாம் கிறிஸ்தவர் வீடுகளில் நட்சத்திரங்கள் தொங்கின. சிவப்பு, மஞ்சள், நீலம். எங்கள் வீட்டு முகப்பில் வெறும் கொக்கி இருந்தது.

துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஆள் அரவம் கேட்டது. சபையின் பாடகர் குழு. அட்வெந்து நாட்களில் வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். டிரம்மும் கைத்தட்டலுமாக அவர்கள் வருவது இரண்டு தெரு தள்ளியே கேட்கும். அன்று சத்தமே இல்லாமல் வந்திருந்தார்கள். டிரம் ஒருவர் தோளில் துணி போட்டு மூடித் தொங்கியது. நான் கதவைத் திறந்ததும் மெதுவாக, மிக மெதுவாக ஒரு பாட்டைப் பாடினார்கள். எனக்கு அவர்கள் பாட்டு எதுவும் தெரியாது. ஆனால் அது பிறப்புக்கான பாட்டு இல்லை என்று தெரிந்தது. பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு முடிந்ததும் குழுத்தலைவர் ஞானராஜ் முன்னால் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எங்களுக்குச் சொல்லி அனுப்பலியேன்னு வருத்தந்தான். இருந்தாலும் வந்து பாடணும்னு தோணுச்சு. ஹெலன் எங்க புள்ள. எப்ப எடுத்தீங்க? பொவனகிரிக்கே கொண்டுபோயிட்டீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நிமிர்ந்து அந்தக் கொக்கியைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் நட்சத்திரம் கட்டமாட்டார்கள். ஹெலன் சிதம்பரத்தில் மோசமாகக் கிடப்பது சபைக்குத் தெரியும். எல்லோருக்கும் முன்னால் கட்டுகிற அவள் வீட்டில் மூன்றாம் ஞாயிறு கழிந்தும் நட்சத்திரம் இல்லை. வீடு பூட்டு. புருஷன் வேறு சாமி. சபைக்குச் சொல்லாமல் தன் ஊருக்குக் கொண்டுபோய்க் காரியத்தை முடித்துவிட்டான் என்று அவர்களே கணக்குப் போட்டுவிட்டார்கள்.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. உங்கள் சபைப் பெண்ணை உங்களுக்குத் தெரியாமல் அடக்கம் செய்கிறவனா நான் என்று கேட்க நினைத்தேன். ஹெலன் உயிரோடு இருக்கிறாள் என்று கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

ஏனென்றால் எனக்குத் தெரியாது. மத்தியானம் அவளை விட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்த நாடித்துடிப்பு என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ பேர் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்வதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். அந்த ஒரு வரியை என்னால் சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

செல்போனை எடுத்தேன். சாமுவேல் எடுத்தான்.

"மச்சான், அக்கா எப்படி இருக்கா?"

"நான் டீ குடிக்க வெளிய வந்தேன் மாமா. இருங்க, உள்ள போயிப் பாத்துட்டு நானே கூப்புடறேன்."

தொடர்பு அறுந்தது. பாடகர் குழு முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. "சிதம்பரத்துலதான் இருக்கா. இப்ப எப்படின்னு கேட்டிருக்கேன்," என்றேன். ஞானராஜ் என் கையை விடவில்லை. தூறல் விழ ஆரம்பித்தது. யாரும் குடை விரிக்கவில்லை. ஒதுங்கவும் இல்லை. ஒருவரும் ஜெபம்கூடச் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவ்வளவு பேர் சேர்ந்து ஒரு செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரம் எவ்வளவு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மணி அடித்தது.

"அப்படியேதான் இருக்காங்க மாமா," என்றான் சாமுவேல்.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். "அப்படியே இருக்காளாம்," என்று அவர்களிடம் சொன்னேன். தினமும் காலையில் என்னைக் கொன்ற அதே சொல். கேவிக் கேவி அழுதுகொண்டே அதைத் திரும்பவும் சொன்னேன். பின்வரிசைப் பெண்கள் சத்தமாக அழுதார்கள். ஞானராஜ், "அப்படியேன்னா போதும்பா, அப்படியேன்னா போதும்," என்று என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவர்தான் நட்சத்திரம் எங்கே என்று கேட்டார். பரணில் இருந்தது. போன வருடத்து மஞ்சள் நட்சத்திரம், ஒரு மூலை நசுங்கியிருந்தது. நான் ஸ்டூல் மேல் ஏறினேன், அவர் பிடித்துக்கொண்டார். எந்தப் பக்கம் மேலே வரும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கீழேயிருந்து நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். பல்ப் எரிந்ததும் டிரம் மேல் கிடந்த துணியை எடுத்தார்கள். அந்தத் தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு பாட்டுப் பாடிவிட்டு, நனைந்த துணியோடு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை நான் சிதம்பரத்தில் இருந்தபோது சாமுவேலின் மனைவி போன் செய்தாள். விஷயம் இதுதான். நித்யா தினமும் ஸ்கூலுக்கு வரும் பஸ் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும். மூன்று வாரமாக அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அந்த வெறும் கொக்கியைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். சர்ச்சில் வளர்ந்த பிள்ளை. நட்சத்திரம் கட்டாத வீடு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். "அம்மாவுக்குச் சரியாயிடும்" என்று நாங்கள் சொன்னதை அவள் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. பெரியவர்கள் மறைக்கிறார்கள் என்று முடிவு செய்து, எங்கள் மனம் கோணக் கூடாதென்று அம்மாவைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டிருந்தாள். பிள்ளை சமர்த்தாக இருக்கிறாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அன்று காலை பஸ் எங்கள் வீட்டைத் தாண்டியபோது நித்யா எழுந்து நின்று கத்தியிருக்கிறாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிரில் இருந்த கடையிலிருந்து அத்தைக்குப் போன் போட்டிருக்கிறாள்.

"அத்த, எங்கம்மா உசுரோட இருக்காங்க. ஸ்டார் கட்டியிருக்கு."

நான் ஹெலனிடம் போனேன். அவள் எதற்காக இல்லை, இல்லை என்று விழிகளை அறைந்தாள் என்பது அப்போது தெரிந்தது. விரல் அசைக்க முடியாத நிலையில் மகளுக்கு அவள் அனுப்ப முடிந்த ஒரே சேதி அந்த நட்சத்திரம். அதை நான் வாங்கிப் போட்டுக்கொண்டு, அனுப்பாமல் வைத்திருந்தேன்.

"கட்டியாச்சு ஹெலன். பாப்பா பாத்துட்டா," என்றேன்.

விழிகள் மேலே போயின. வெகுநேரம் கீழே இறங்கவில்லை.

நட்சத்திரம் கட்டியதால் அவள் பிழைத்தாள் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மறுநாள் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. கிறிஸ்துமஸ் அன்று அவள் அசையாமல்தான் கிடந்தாள். ஐயர் வந்து (சபையின் போதகரை அவர்கள் ஐயர் என்பார்கள்) அவள் நெற்றியில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். அன்றும் மருத்துவர், "அப்படியேதான்" என்றார். நான், "சரிங்க மேடம்," என்றேன். அந்தச் சொல் மேல் இருந்த கோபம் போய்விட்டிருந்தது. பயம் மட்டும் இருந்தது.

பொங்கல் நெருங்கும்போது இடது கைக் கட்டைவிரல் நகர்ந்தது. முதலில் பார்த்தது தரை துடைக்க வந்த அம்மா. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "இனிமே ஏறும்," என்றார். ஏறியது, ஆனால் அந்த வேகத்துக்கு நத்தை பரவாயில்லை. இயந்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார்கள். கழுத்துக் குழாயை விரலால் மூடிக்கொண்டு அவள் பேசிய முதல் வாக்கியம், "டீ வேணும்." அதைக் கேட்டு நர்சுகள் கைதட்டினார்கள். திட்டக்குடி அம்மாவின் மகன் அதற்கு முந்தைய வாரம் இறந்துபோயிருந்தான். அந்த அம்மாவும் எங்களைப் போலத்தான் காத்திருந்தார். எங்களுக்கு ஏன் கிடைத்தது, அவருக்கு ஏன் இல்லை என்று ஐயரிடம் கேட்டேன். அவர் தெரியாது என்றார். அதற்குப் பிறகுதான் அவரோடு எனக்குப் பேச்சு வார்த்தை ஏற்பட்டது.

ஜனவரியில் தெருவில் எல்லோரும் நட்சத்திரத்தைக் கழற்றினார்கள். நான் கழற்றவில்லை. நித்யா பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். ஹெலன் வீட்டுக்கு வந்தது பங்குனி வெயிலில். நட்சத்திரம் வெளுத்து, இரண்டு மூலை கிழிந்து, உள்ளே பல்ப் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சக்கர நாற்காலியிலிருந்து அண்ணாந்து பார்த்து, "தலைகீழாக் கட்டியிருக்கீங்க," என்றாள்.

இப்போது 2012. ஹெலன் மறுபடியும் பள்ளிக்குப் போகிறாள். தடவித் தடவி நடப்பாள். பாதமும் விரல் நுனிகளும் மரத்தபடியே நின்றுவிட்டன. பின்னால் வார் வைத்த செருப்புதான் போட முடியும், அதையும் அடிக்கடி குனிந்து பார்த்துக்கொள்வாள். சூடான டம்ளரை அவளுக்கு முன்னால் நான் தொட்டுப் பார்க்க வேண்டும். படுத்திருந்த அந்த மாதங்களை அவளுக்கு மாதமாக நினைவில்லை. ஒரே ஒரு நீளமான பகல் என்கிறாள். எனக்குக் காலம் வேறு விதமாக மாறிவிட்டது. போன் அடித்தால் எடுப்பதற்கு முன் ஒரு மூச்சு நின்று போகிறது. கோர்ட்டில் அடுத்த தேதி சொல்லும்போது நிமிர்ந்து அந்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளலாமே என்று ஐயர் கேட்கிறார். வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஹெலனிடம், எப்படி இருக்கே என்பேன். "அப்படியே இருக்கேன்," என்பாள். இருவருக்கும் அது போதும்.

இந்த வருடம் முதல் அட்வெந்து ஞாயிறன்று புது நட்சத்திரம் வாங்கி வந்தோம். ஏறுவது இப்போது என் வேலை. ஹெலன் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்தாள். கொக்கியில் கயிற்றை மாட்டும்போது ஸ்டூல் லேசாக ஆடியது.

"புடிச்சிருக்கியா?" என்று மேலிருந்து கேட்டேன்.

"புடிச்சிருக்கேன்னுதான் நெனக்கிறேன். நீங்களே கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

குனிந்து பார்த்தேன். நகம் வெளுக்கிற அளவுக்கு ஸ்டூல் காலை இறுக்கிப் பிடித்திருந்தாள். அது அவளுக்குத் தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புடிச்சிருக்கே," என்றேன். அதற்குப் பிறகு முடிச்சைப் போட்டேன்.